தற்கொலை எண்ணமும் உயிர்ப்பற்றும்

தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வது பற்றி ஒருவருக்கு எழும் நினைவே தற்கொலை எண்ணம். "காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது" என்ற அலுப்பில் தொடங்கித் தீர்மானமான திட்டம் வரை அதற்குப் பல படிகள் உண்டு. எந்த நிலையிலும் உயிரோடு இருக்க விழையும் இயல்பு உயிர்ப்பற்று. ஒன்று இருக்கும் மனத்தில் மற்றது இராது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பிழை. இரண்டும் ஒரே மனத்தில், ஒரே பொழுதில் இருக்கும். சாக வேண்டும் என்பவர் பெரும்பாலும் கேட்பது சாவை அல்ல. தாங்க முடியாத வேதனை நிற்க வேண்டும் என்பதையே. "சொல்கிறவன் செய்யமாட்டான்" என்ற ஊர்ப்பேச்சும் தவறானது. பிழைக்க விரும்பும் பாதி மனம்தான் வாய் திறந்து சொல்கிறது. அதைக் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடக் கூடாது.

ஆய்வு வரலாறு

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897இல் வெளியிட்ட நூல் தற்கொலையைச் சமூகத்தோடு பொருத்திப் பார்த்தது. மனிதருக்கும் சமூகத்துக்கும் உள்ள பிணைப்பு தளர்ந்தாலும் ஆபத்து, இறுகினாலும் ஆபத்து என்றார் அவர். நான்கு வகைகள் பிரித்தார். நான்காவது வகைக்கு ஓர் அடிக்குறிப்பு மட்டுமே ஒதுக்கினார். புள்ளிவிவரங்களை நம்பிய அந்நூலில் தனிமனிதரின் மனத்துக்கு இடமில்லை.

அந்த இடத்தை நிரப்பியவர் அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்நைட்மன். 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் மரண விசாரணை அலுவலகத்தில், இறந்தவர்கள் விட்டுச்சென்ற கடிதங்கள் கட்டுக்கட்டாக அவர் கண்ணில் பட்டன. அவரது வாழ்நாள் ஆய்வு அங்கிருந்து தொடங்கியது. 1958இல் அவரும் நார்மன் ஃபார்பரோ, ராபர்ட் லிட்மன் ஆகியோரும் அந்நகரில் தற்கொலைத் தடுப்பு மையம் நிறுவினர். தாங்க முடியாத மனவலியே தற்கொலையின் வேர் என்றும், அந்த வலியில் பார்வை குறுகி, இருக்கும் மற்ற வழிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன என்றும் ஷ்நைட்மன் விளக்கினார். தற்கொலை மனத்தின் பொது இயல்பு இருமனம், அதாவது வாழவும் சாகவும் ஒருசேர விழைவது, என்பது அவர் முடிவு.

இருமனத்தை அளந்து பார்த்தவர்கள் உளவியலாளர் மரியா கோவாக்சும் மனநல மருத்துவர் ஆரன் பெக்கும். வாழும் ஆசையும் சாகும் ஆசையும் ஒருவருக்குள் மல்லுக்கட்டுகின்றன என்று அவர்கள் 1977இல் எழுதினர். பெக் குழுவினர் 1979இல் வெளியிட்ட 19 வினாக்கள் கொண்ட அளவுகோலில், சாகும் ஆசை பற்றிய வினா இரண்டாவதாகத்தான் வருகிறது. முதல் வினா வாழும் ஆசை எவ்வளவு என்பது. மூன்றாவது வினா இரண்டுக்குமான காரணங்களை எடைபோடச் சொல்கிறது.

உளவியலாளர் மார்ஷா லினஹன் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஏன் சாக நினைக்கிறார்கள் என்பதை விட்டு, நினைத்தவர்களை எது பிடித்து நிறுத்துகிறது என்று கேட்டார். 1983இல் அவரது குழு தொகுத்த பட்டியலில் 48 காரணங்கள் உள்ளன: சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கை, வீட்டாரின் மேல் உள்ள பொறுப்பு, பிள்ளைகளைப் பற்றிய கவலை, தற்கொலை பற்றிய அச்சம், ஊர் என்ன சொல்லும் என்ற கூச்சம், நெறி சார்ந்த மறுப்பு என ஆறு பிரிவுகள். அச்சமும் கூச்சமும்கூட உயிரைக் காக்கும் என்று ஏற்றது இப்பட்டியலின் சிறப்பு. இளவயதில் தாமும் இதே எண்ணத்தோடு மருத்துவமனையில் இருந்ததை லினஹன் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார்.

எண்ணம் அலைபோல் எழுந்து தணியும் என்பதற்கு ஆய்வாளர் ரிச்சர்ட் சைடன் 1978இல் வெளியிட்ட ஆய்வு சான்று. கலிபோர்னியாவில் 1937 முதல் 1971 வரை கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிறகு என்ன ஆனார்கள் என்று அவர் தேடிப் பார்த்தார். நூற்றுக்குச் சுமார் 94 பேர் உயிரோடு இருந்தனர், அல்லது இயற்கையாக இறந்திருந்தனர்.

தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சமும் ஆதாரமற்றது. நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர் 2,342 பேரிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது. "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என நேராகக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

செவிகொடுத்தல்

லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953இல், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் அழைக்கலாம் என்று தம் தேவாலயத் தொலைபேசி எண்ணை அறிவித்தார். கூட்டம் கூடியது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தனர் தொண்டர்கள். பலர் மனப்பாரம் இறங்கி, பாதிரியாரைப் பார்க்காமலே வீடு திரும்பினர். அறிவுரையைவிடக் குறுக்கிடாத காதே பெரிது என்பதைக் கண்டுகொண்ட வாரா, 1954இல் அந்த வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு இப்படித்தான் உருவானது. இலங்கையில் 1974இல் தொடங்கிய சுமித்ரயோவும், சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகாவும் இதே வழியில் வந்தவை.

சட்டம்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 309இல் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. உயிர் பிழைத்தவரைக் காவல் நிலையத்துக்கு இழுத்த கொடிய பிரிவு அது. 1994இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1996இல் செல்லும் என்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பழைய சட்டத்தின் பிரிவு 309ஐக் கைவிட்டது. இலங்கை 1998லேயே இக்குற்றத்தை நீக்கிவிட்டது.

இன்றைய நிலை

இந்தியாவில் 2022இல் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறந்தனர். 2022 அக்டோபர் முதல் நடுவண் அரசின் டெலிமானஸ் சேவை இயங்குகிறது; 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். சிநேகாவின் எண் 044-24640050. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.