நாமகிரியும் சூனியத்துக்குக் கீழான சக்தியும்

நாமக்கல் மலைக்கோட்டையின் மேற்கடிவாரத்தில், எட்டாம் நூற்றாண்டை ஒட்டி அதியர் குலத்தார் குடைவித்த நரசிம்மர் குகைக்குள் நுழைவோர், ஒரு கால் தரையில் ஊன்ற, மறுகால் விண்ணோக்கி உயர நிற்கும் திரிவிக்கிரமனைப் பாறையிலே காண்பர். அச்சந்நிதியின் நாமகிரித் தாயாரே கணிதமேதை ராமானுஜனின் குலதெய்வம். சூத்திரங்களைச் சொப்பனத்தில் அருளியவள் அவளே என்பது அவரது திடமான விசுவாசம். கடல் கடக்கக் கூடாதென்று தடுத்த அவரது அன்னையும், நாமகிரியின் உத்தரவைக் கனவிலே பெற்ற பின்னர்தான் 1914-இல் மகனுக்கு விடைகொடுத்தார் என்பர்.

அதற்கு முந்தைய ஆண்டு ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என முடிவின்றிச் செல்லும் தொடருக்கு, சாதாரணக் கூட்டலால் அன்றித் தம் தனி முறையால், -1/12 என்ற மதிப்பை அவர் அளித்திருந்தார். ஆய்லர் முன்பே தொட்ட முடிவுதான். ஆயினும் ராமானுஜன் தாமாகவே அதனை அடைந்தது மகத்தானது.

1948-இல் டச்சு விஞ்ஞானி காசிமிர், மின்னூட்டமற்ற இரு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் இடைவெளியின் சக்தி சூனியத்துக்கும் கீழே இறங்கி அவை ஒன்றையொன்று ஈர்க்கும் என்று கணித்தார்; ஒரு பரிமாண அளவில் அக்கணக்கைச் செய்தால் அதே -1/12 எதிர்ப்படுகிறது.

பிரபஞ்சத்தின் இரு தூரப் பிரதேசங்களை இணைக்கும் புழுத்துளை வழியே மனிதன் கடக்க இயலுமா என்று 1988-இல் ஆராய்ந்த இயற்பியலாளர்கள் மோரிஸும் தோர்னும் நாடியதும் இத்தகைய சக்தியையே. சாதாரணப் பொருள் ஒளிக்கதிர்களைக் குவிக்கும் என்பது கல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌத்ரி 1955-இல் வெளியிட்ட சமன்பாட்டின் வழியே பெறப்படுவது; துளையின் கழுத்திலோ குவிந்து புகும் கதிர்கள் விரிந்து வெளியேற வேண்டும்; அதற்குத்தான் சூனியத்துக்குக் கீழான சக்தி தேவை. தகடுகளிடையே கிட்டும் சக்தியோ, மனிதர் புகத்தக்க வழியைத் திறந்து வைக்க வேண்டியதை நோக்க, அணுமாத்திரமே.