லண்டன் சிட்டி: ஒரு சதுர மைல் நகரமும் அதன் மூன்று பணப்பைகளும்

லண்டன் மாநகரின் நடுவே, சுமார் 2.9 சதுர கிலோமீட்டர் பரப்பில், தனக்கென மன்றமும் காவல்துறையும் கொண்ட ஒரு சிறிய நகரம் இருக்கிறது. செயின்ட் பால்ஸ் பேராலயமும் இங்கிலாந்து வங்கியும் அமைந்துள்ள இந்த 'சிட்டி ஆஃப் லண்டன்' பகுதியில், 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வசிப்பவர்கள் ஏறத்தாழ 8,600 பேர் மட்டுமே. அங்கு பணிபுரிவோரோ ஆறு லட்சத்துக்கும் அதிகம்.

இதை நிர்வகிக்கும் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன், பிரிட்டனின் பிற உள்ளூராட்சி மன்றங்களைப் போலவே கட்டட அனுமதி வழங்குகிறது, தெருக்களைத் துப்புரவு செய்கிறது, ஒப்பந்தங்களை அளிக்கிறது. ஆனால் அதன் மன்றத்தைத் தேர்ந்தெடுப்பது யார், அதன் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை எதுவரை செல்லும் என்ற இரு கேள்விகளில் அது மற்ற மன்றங்களிலிருந்து மாறுபடுகிறது.

நிறுவனங்களின் வாக்கு

சிட்டியில் 25 வார்டுகள் உள்ளன. 100 பொது மன்ற உறுப்பினர்களும், ஆல்டர்மன் எனப்படும் 25 மூத்த உறுப்பினர்களும் அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆல்டர்மன்களில் ஒருவர் ஆண்டுதோறும் லார்ட் மேயராகிறார். லண்டன் முழுமைக்குமான மேயர் பதவி இதிலிருந்து வேறானது.

வணிக நிறுவனங்கள் சார்ந்த வாக்குரிமை பிரிட்டனின் ஏனைய உள்ளூராட்சித் தேர்தல்களில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சிட்டியில் மட்டும் அது நீடித்தது. 2002ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் அதைக் கம்பெனிகளுக்கும் விரிவுபடுத்தியது. நிறுவனத்தின் பணியாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப, அது வாக்காளர்களை நியமிக்கிறது. 50 பேர் பணிபுரியும் நிறுவனம் 10 வாக்காளர்களை நியமிக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 50 பணியாளருக்கும் ஒரு வாக்காளர்.

பகலில் நகரைப் பயன்படுத்துபவர்களுக்கும், வரி செலுத்தும் நிறுவனங்களுக்கும் குரல் இருக்க வேண்டும் என்பது ஆதரவாளர்களின் வாதம். வாக்காளரைத் தேர்ந்தெடுப்பது பணியாளர்கள் அல்ல, நிர்வாகமே என்பது விமர்சகர்களின் பதில்.

கட்டட அனுமதி

திட்டமிடலில் சிட்டி, நாட்டின் பொதுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. விண்ணப்பங்கள் பகிரங்கமாக வைக்கப்படுகின்றன. எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் தோற்றத்தை மறைக்காதபடி, 1930களின் பிற்பகுதியிலிருந்தே சுற்றுப்புறக் கட்டடங்களுக்கு உயர வரம்பு இருந்து வருகிறது.

பெரிய கட்டடங்கள் விஷயத்தில் மன்றத்தின் சொல்லே இறுதியானதல்ல. 305 மீட்டர் உயரத்தில் திட்டமிடப்பட்ட 'துலிப்' கோபுரத்துக்கு 2019 ஏப்ரலில் சிட்டி அனுமதி அளித்தது. அதே ஆண்டு ஜூலையில் லண்டன் மேயர் சாதிக் கான் அதை நிராகரித்தார். மேல்முறையீட்டை மத்திய அரசு 2021 நவம்பரில் தள்ளுபடி செய்தது. மறுபுறம், 1701இல் திறக்கப்பட்ட பெவிஸ் மார்க்ஸ் யூத வழிபாட்டுத் தலத்தின் அருகே உயர்ந்த கோபுரம் எழுப்பும் யோசனையை சிட்டியின் குழுவே 2021இலும் 2024இலும் நிராகரித்தது.

சேவைகளும் பணமும்

1839இல் சட்டப்படி அமைந்த சிட்டி காவல்துறை, இன்று நாடு முழுவதற்கும் மோசடிக் குற்ற விசாரணைகளில் முன்னணி வகிக்கிறது. எல்லைக்கு வெளியே எப்பிங் காடும், ஹாம்ஸ்டெட் ஹீத் திறந்தவெளியும் கார்ப்பரேஷனின் பராமரிப்பில் உள்ளன.

இவற்றுக்கான பணம் மூன்று பைகளிலிருந்து வருகிறது. முதலாவது, வரிகளையும் அரசு மானியத்தையும் கொண்ட நகர நிதி. இரண்டாவது, நூற்றாண்டுகளாகச் சேர்ந்த நிலங்களும் முதலீடுகளும் அடங்கிய தனி நிதி. திறந்தவெளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் லார்ட் மேயரின் விருந்தோம்பலுக்கும் இதிலிருந்து செலவிடப்படுகிறது. மூன்றாவது, டவர் பிரிட்ஜ் உள்ளிட்ட ஐந்து தேம்ஸ் பாலங்களை வரிப்பணமின்றிப் பராமரிக்கும் அறக்கட்டளை.

தகவல் சுதந்திரச் சட்டம், கார்ப்பரேஷன் உள்ளூராட்சி, காவல், துறைமுக சுகாதாரம் ஆகிய பொறுப்புகளில் வைத்திருக்கும் தகவல்களுக்கு மட்டுமே பொருந்தும். தனி நிதி அதற்கு வெளியே நிற்கிறது. 2011இல் செயின்ட் பால்ஸ் முன்பு நடந்த 'ஆக்குபை' போராட்டத்தின்போது இது பெரும் சர்ச்சையானது. அதன் பின்னர், 2012இல் அந்நிதியின் கணக்குகளைக் கார்ப்பரேஷன் வெளியிட்டது. சொத்து மதிப்பு நூறு கோடி பவுண்டுக்கும் மேல் என்று அதிலிருந்து தெரியவந்தது.

கொள்முதல்

இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் 500 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும், 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களையும் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். 2025 பிப்ரவரி 24இல் நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் சட்டத்தின்படி, பெரிய ஒப்பந்தங்களில் வெற்றி பெற்றவர் யார் என அறிவித்த பின், பொதுவாகக் குறைந்தது எட்டு வேலை நாட்கள் காத்திருந்தே கையெழுத்திட வேண்டும். தோற்ற நிறுவனம் ஆட்சேபிக்க இந்த அவகாசம் பயன்படுகிறது.

சென்னையின் ஒப்பீடு

மேயர், ஆல்டர்மன் என்ற இந்த அமைப்பைத் தமிழர்களும் அறிவார்கள். கிழக்கிந்திய கம்பெனியின் 1687ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி 1688 செப்டம்பரில் தொடங்கிய மதராஸ் மாநகராட்சிக்கு ஒரு மேயரும் 12 ஆல்டர்மன்களும் இருந்தனர். லண்டனில் சிட்டி தன் பழைய சலுகைகளைக் காப்பாற்றிக்கொண்டது. சென்னை மாநகராட்சியோ பெரும் கட்டட அனுமதியின் அதிகாரத்தைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் விட வேண்டியதாயிற்று. 2016 முதல் 2022 வரை அங்கு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை.

எனினும் ஒரு விஷயத்தில் சென்னைவாசியின் நிலை மேலானது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் மாநகராட்சியின் கொள்முதலுக்குப் பொருந்தும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, மாநகராட்சியின் ஒரு பையைத் திறந்து மறு பையை மூடி வைப்பதில்லை. சிட்டியின் குடிமகனுக்குச் சட்டம் தரும் உரிமை முதல் பையோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இரண்டாவது பையைப் பொறுத்தவரை, கார்ப்பரேஷன் தானாக முன்வந்து சொல்வதையே அவர் நம்பியிருக்க வேண்டியுள்ளது.