இரண்டு கல்லறைகள், ஒரே தண்ணீர்

எகிப்தின் அபு மீனாவையும் சிரியாவின் ரசாஃபாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகளோ என்று தோன்றும். இரண்டும் பாலைநிலத்துத் திருத்தலங்கள்; இரண்டும் இன்று இடிபாடுகள். இரண்டிலும் யாத்திரிகர்கள் தேடிவந்தது, கிறிஸ்துவை மறுதலிக்காமல் உயிர்விட்ட ஓர் உரோமைப் போர்வீரரின் கல்லறையை.

முதலில் மரபுக்கதைகள். புனித மீனாவின் உடலைச் சுமந்த ஒட்டகம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. எவ்வளவு அதட்டியும் அசையவில்லை. அங்கேயே அடக்கம் நடந்தது. புனித செர்ஜியஸோ, ஆணி பதித்த காலணியோடு ஓடவைக்கப்பட்டு ரசாஃபாவில் தலை வெட்டுண்டார். ஒரு தலத்தை நகர மறுத்த கால்கள் தேர்ந்தன. மற்றதை நிற்க விடப்படாத கால்கள்.

வேறுபாடு தண்ணீரில் தொடங்குகிறது. அபு மீனா அதை வெளியே அனுப்பியது. உள்ளங்கையில் அடங்கும் சுடுமண் குப்பி, இரு பக்கமும் சிறு காது. நடுவே கை விரித்து வேண்டும் புனிதர், காலடியில் மண்டியிட்ட இரண்டு ஒட்டகங்கள். தலத்தின் நீரையோ எண்ணெயையோ அதில் நிரப்பி யாத்திரிகர் ஊர் திரும்பினர். அத்தகைய குப்பி இங்கிலாந்தில்கூடக் கிடைத்திருக்கிறது. ரசாஃபா தண்ணீரை உள்ளே சேர்த்தது. மழையும் காட்டாற்று வெள்ளமும் மதிலுக்குள் இறங்கி, வளைவுக்கூரை தாங்கிய நிலவறைத் தொட்டிகளில் தங்கின.

பிற்கால வரலாற்றிலும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சென்றன. ரசாஃபாவில் கலிஃபா ஹிஷாம் (724–743) அரண்மனை அமைத்தார். பேராலயத்தின் முற்றத்தை ஒட்டியே பள்ளிவாசல் எழுந்தது. வேறொரு மதமும் அந்தக் கல்லறையின் அருகே தொழ விரும்பியது. ஆனால் மங்கோலியப் படையெடுப்பை ஒட்டி, 13ஆம் நூற்றாண்டில் ஊர் காலியானது. அபு மீனா அதற்கு முன்பே மணலுக்குள் போயிருந்தது; 1905இல் தொடங்கிய அகழாய்வு அதை மீட்டது. 1959இல் கோப்டிக் திருத்தந்தை ஆறாம் கிரில்லோஸ் இடிபாடுகளின் அருகே புதிய மடத்தை நிறுவினார். ரசாஃபாவில் நின்றுபோன யாத்திரை இங்கே மீண்டும் உயிர்பெற்றது.

நாம் எதிர்பாராத உறவு ஒன்று எஞ்சியிருக்கிறது. ரசாஃபாவைப் பளிங்குபோல் மின்னச் செய்யும் ஜிப்சக் கல், நீர்பட்டால் மெல்லக் கரையும் இயல்புடையது. அபு மீனாவின் களிமண் நிலமோ, சுற்றுப்புறப் பாசனத்தால் நிலத்தடி நீர் உயர்ந்தபோது குழைந்தது, அடித்தளங்கள் சரிந்தன, கல்லறை அறையையே மணலிட்டு நிரப்பித் தாங்க வேண்டியதாயிற்று. இரண்டு தலங்களையும் வாழவைத்ததே இரண்டையும் அரிக்கிறது.

கல்லறை யாத்திரிகரை வரவழைத்தது, தங்கவைத்தது தண்ணீர். வறண்ட நிலத்தின் புனிதத்தை எடைபோடும்போது பலிபீடத்துக்கு முன் தொட்டியையும் கிணற்றையும் பார்ப்பதே முறை. 2001இல் யுனெஸ்கோவின் அபாயப் பட்டியலில் சேர்ந்த அபு மீனா, 2025இல் அதிலிருந்து நீங்கியது. அதற்கு வழிசெய்தது, நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றிய பணிதான்.