தந்தை பெயர் குடும்பப்பெயராகும்போது: தமிழ்ப் பெயர்வரிசையின் மாற்றமும் குழந்தைக்குப் பெயர் தேர்தலும்

வெளிநாட்டில் வாழும் தமிழ்ப் பெற்றோர் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யப் போனால், படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று குழந்தைக்கு இடும் பெயருக்கு, மற்றொன்று குடும்பப்பெயருக்கு. பெரும்பாலோர் இரண்டாவதில் எழுதுவது தந்தையின் இயற்பெயரைத்தான். முருகன் என்பவரின் மகனுக்குக் குமரன் என்று பெயரிட்டால் ஏட்டில் ‘குமரன் முருகன்’ என்று பதிவாகும். இரண்டும் ஆளைக் கூப்பிடும் பெயர்கள். எது மகன், எது தந்தை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இந்தக் குழப்பம் தமிழ்ப் பெயரமைப்பின் குறை என்றே பலரும் எண்ணுகிறார்கள். தமிழ்ப் பெயரில் உறவைச் சொல்லும் வேலையை வரிசை செய்துவந்தது என்பதும், அந்த வரிசை தலைகீழானதால் குழப்பம் பிறந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இலக்கணமும் கல்வெட்டும்

தந்தை பெயரும் மகன் பெயரும் அடுத்தடுத்து நின்றால் எப்படிப் புணரும் என்பதற்குத் தொல்காப்பியம் தனி விதியே வகுத்திருக்கிறது. எழுத்ததிகாரத்தின் புள்ளி மயங்கியலில் உள்ள அவ்விதிப்படி, முன் நிற்கும் தந்தை பெயரின் ‘அன்’ கெட்டு ‘அம்’ சாரியை வரும். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் சாத்தங்கொற்றன், கொற்றங்கொற்றன். முன்னவன் சாத்தனின் மகன் கொற்றன். பின்னவன் கொற்றனின் மகன் கொற்றன். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர் அமைந்தபோதும் குழப்பமில்லை. முன்னால் நிற்பது தந்தை, இறுதியில் நிற்பது ஆளின் சொந்தப் பெயர் என்று கேட்டவர்க்கு விளங்கியது.

சங்கப் புலவர் பெயர்களிலும் இதே ஒழுங்குதான். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற பெயரில் ஊர், தந்தை, தன் பெயர் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. புகளூர்த் தமிழி கல்வெட்டு, சேர அரசமரபின் மூன்று தலைமுறையை ‘மகன்’ என்ற சொல்லால் தொடுத்து, இளங்கடுங்கோவின் பெயரில் முடிகிறது.

சோழர் காலத்தில் ‘மகன்’ என்ற சொல் இல்லாமலே பெயர்கள் அடுக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும் இருவரைப் பார்க்கலாம். கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்தவர் பொய்கை நாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான். திருச்சுற்று மாளிகை எடுப்பித்தவர் சேனாபதி கிருஷ்ணன் ராமனான மும்முடிச்சோழ பிரமமாராயன். ‘ஆன’ என்பதற்குப் பின் வருபவை பட்டங்கள். அவற்றை விலக்கிப் பார்த்தால் ஆதித்தனின் மகன் சூரியன், கிருஷ்ணனின் மகன் ராமன். ஆதித்தன், சூரியன் இரண்டும் ஒரே பொருள் தருபவை. கிருஷ்ணன், ராமன் இரண்டும் திருமாலின் பெயர்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் இவற்றைக் கல்லில் வெட்டியவருக்கு எது யார் என்ற ஐயம் எழவில்லை. இன்றைய படிவத்தில் இவர்கள் பெயரை நிரப்பச் சொன்னால் ராஜராஜனின் சேனாபதியே தடுமாறிப்போவார். இப்பெயர்களின் அமைப்பை விரிவாக ஆராய விரும்புவோர்க்கு, நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுயி மூவரும் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு முதன்மையான கருவி.

ஒரு குடும்பம், இரண்டு வழிகள்

வரிசை மாறிய இடத்தை 19ஆம் நூற்றாண்டுக் கொழும்பின் ஒரே குடும்பத்தில் காண முடிகிறது. 1835இல் இலங்கைச் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தவர் முதலியார் குமாரசுவாமி. அவர் மகன் முத்து. மரபுப்படி ‘குமாரசுவாமி முத்து’ என்று வந்திருக்க வேண்டிய பெயர், லண்டனில் வழக்கறிஞராகி 1874இல் சர் பட்டம் பெற்றவரிடம் ‘முத்து குமாரசுவாமி’ என்று நின்றது. அவர் ஆங்கிலப் பெண்ணை மணந்தார். 1877இல் பிறந்த மகனுக்கு வைத்த பெயர் ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி. கென்டிஷ் என்பது தாயின் ஊர்ப்புறமான கென்ட்டைக் குறிப்பது. கலை வரலாற்றறிஞராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமியின் பெயரில் தாத்தாவின் பெயர் உண்டு, தாயின் நிலம் உண்டு. தந்தை முத்துவின் பெயர் இல்லை. ஓடிக்கொண்டிருந்த தந்தைப்பெயர் குமாரசுவாமியோடு உறைந்து குடும்பப்பெயராயிற்று.

அதே குமாரசுவாமியின் மகள் வயிற்றுப் பேரர்கள் பொன்னம்பலம் ராமநாதனும் (1851–1930) பொன்னம்பலம் அருணாசலமும் (1853–1924). அவர்கள் தந்தை அருணாசலம் பொன்னம்பலம். மகன் பொன்னம்பலம் அருணாசலம். அவருடைய மகன் அருணாசலம் மகாதேவா. பாட்டன் பெயர் பேரனுக்கு வர, தந்தை பெயர் முன்னே நிற்க, ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் நகர்ந்தது. இவர்களும் ஆங்கிலக் கல்வி கற்றவர்கள், சர் பட்டம் பெற்றவர்கள். ஆங்கிலம் படித்ததால் மட்டும் வரிசை மாறிவிடவில்லை என்பதற்கு இவர்களே சான்று.

அடுத்த நூற்றாண்டின் இலங்கை அரசியலிலும் இரு வழிகளும் அருகருகே தொடர்ந்தன. ஜி.ஜி. பொன்னம்பலத்தின் மகன் குமார் பொன்னம்பலம், பேரன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம். அங்கே பெயர் உறைந்தது. சா.ஜே.வே. செல்வநாயகத்தின் மகனோ எஸ்.சி. சந்திரஹாசன். அங்கே செல்வநாயகம் ஓரெழுத்தாகி முன்னே நின்றது.

முதலெழுத்தும் சாதிப்பட்டமும்

தமிழ்நாட்டில் பள்ளிப் பதிவேடும் அலுவலகப் பதிவேடும் பரவியபோது ஊரும் தந்தையும் இனிஷியலாகச் சுருங்கின. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர் உ.வே.சா. ஆனார். பெயர் சுருங்கியதே தவிர வரிசை குலையவில்லை. ஆனால் கடைசியில் ஐயர், பிள்ளை, முதலியார், நாடார் என்ற சாதிப்பட்டம் ஒட்டியிருந்தது. ஆங்கிலேயர் கண்ணுக்கு அதுவே குடும்பப்பெயராகத் தெரிந்தது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின் சாதிப்பட்டம் போடுவதைக் கைவிடச் சொன்னது. அடுத்த தலைமுறைகளில் தமிழ்நாட்டின் பொதுவாழ்வில் அந்தப் பட்டங்கள் பெரிதும் மறைந்தன. இந்தியாவின் பல பகுதிகளில் குடும்பப்பெயரைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடுகிறது. தமிழர் பெயரில் இனிஷியலும் சொந்தப் பெயரும் மட்டும் மிஞ்சின. குடும்பப்பெயர்க் கட்டம் தமிழருக்குக் காலியாக இருப்பதற்கு இந்தச் சமூக வெற்றியும் ஒரு காரணம். அதை மறந்துவிட்டு ‘நமக்கு ஒழுங்கான சர்நேம் இல்லை’ என்று அலுத்துக்கொள்வது நியாயமாகாது.

நகரும் பெயரின் இயல்பை ஓர் அறிவியல் குடும்பம் நன்றாகக் காட்டுகிறது. சந்திரசேகர ஐயரின் மகன்கள் சி. சுப்பிரமணியனும் சி.வி. ராமனும். சுப்பிரமணியனின் மகன் எஸ். சந்திரசேகர், தாத்தாவின் பெயரைத் தாங்கியவர். சிற்றப்பாவுக்கு 1930இல் நோபல் பரிசு, அண்ணன் மகனுக்கு 1983இல். ஒருவர் பெயரால் ‘ராமன் விளைவு’, மற்றவர் பெயரால் ‘சந்திரசேகர் எல்லை’. இரண்டும் அவரவர் சொந்தப் பெயர்கள். உறவு தெரிய வேண்டுமானால் இனிஷியலைப் படிக்க வேண்டும். ராமனின் இனிஷியலில் இருக்கும் ‘சி’யும் அண்ணன் மகனின் பெயரும் ஒரே மனிதரைக் குறிப்பவை.

படிவம் செய்த மாற்றம்

டென்மார்க்கில் 1828இன் ஆணையும் துருக்கியில் 1934இன் சட்டமும் குடும்பப்பெயரை நிலைநிறுத்தின. தமிழருக்கு அப்படி ஒரு சட்டம் வந்ததில்லை. கடவுச்சீட்டும் விசா விண்ணப்பமும் அந்த வேலையைச் செய்தன. இனிஷியலை விரித்தெழுதச் சொன்னதும், தந்தை பெயர் முன்னே வருவதா பின்னே போவதா என்பது விண்ணப்பம் நிரப்பியவரின் முடிவாகிவிட்டது.

விளைவு ஆளுக்கொரு விதம். விஸ்வநாதன் ஆனந்த் பழைய வரிசையைக் காத்தார். ஆனால் உலகச் சதுரங்க வட்டாரம் முதலில் வரும் பெயரே அவர் பெயர் என்று எண்ணி ‘விஷி’ என்று செல்லமாக அழைத்தது. தந்தையின் பெயர் மகனுக்குச் செல்லப்பெயராயிற்று. 2009இல் நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் வரிசையை மாற்றி எழுதுபவர். அறிவியல் ஏடுகளில் ‘ராமகிருஷ்ணன்’ என்று குறிக்கப்படும்போது நிற்பது அவர் தந்தையின் பெயர். பெயரைப் பிரிக்காமல் ஒற்றைப் பெயராகவே கடவுச்சீட்டு எடுத்தவர்களுக்கு வேறு தொல்லை. அமெரிக்க விசாவில் இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமான எஃப்.என்.யு. அச்சாகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயரோடு வரும் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பின்னர் கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தியது.

மலேசியாவும் சிங்கப்பூரும் வேறு தீர்வு கண்டன. மலேசியாவில் மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி. சிங்கப்பூரில் எஸ்/ஓ, டி/ஓ. வரிசை மாறினாலும் உறவைச் சொல்ல ஒரு குறி இருக்கிறது. சாத்தங்கொற்றனில் ‘அம்’ சாரியை செய்த வேலையை அங்கே இந்தக் குறி செய்கிறது. சிங்கப்பூர் அதிபர் தர்மன் சண்முகரத்தினத்தை அங்கே எல்லோரும் ‘அதிபர் தர்மன்’ என்றே சொல்கிறார்கள். கூப்பிட வேண்டிய பெயர் எது என்பதில் அந்நாட்டுக்குத் தெளிவு இருக்கிறது.

பெயர் தேர்வுக்கு இதிலிருந்து பெறுவன

பெயர் வைக்கும்போது நாளும் நட்சத்திரமும் எண்கணிதமும் பார்க்கிறோம். பக்கத்தில் நிற்கப்போகும் பெயரையும் பார்க்க வேண்டிய காலம் இது. ‘அருள்’ என்பவரின் குழந்தைக்குத் ‘தமிழ்’ என்று வைத்தால் தமிழ் அருள் என்றாகும். இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை, எதை முன்வைத்தாலும் ஒரு முழுப்பெயர்போல ஒலிப்பவை. அதே வீட்டில் ‘கயல்விழி அருள்’ என்றால் கூப்பிடும் பெயர் எது என்று கேட்டவுடன் தெரிந்துவிடும்.

இடைவெளி விட்டு எழுதும் பெயரிலும் கவனம் வேண்டும். ‘அருண் குமார்’ என்று பிரித்தெழுதினால் ‘குமார்’ குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும், பிறகு அவர் பிள்ளைகளுக்கும் அதுவே தொடரும். சேர்த்தெழுதினால் பெயர் பிழைக்கும். மகளுக்கு இன்னொன்று: அலுவலகத்தில் அவளைத் தந்தையின் ஆண்பெயரால் அழைப்பார்கள். திருமணத்துக்குப் பின் கணவர் பெயருக்கு மாறினாலும், அது பெரும்பாலும் மாமனாரின் இயற்பெயராகவே இருக்கும். தாயின் பெயரைக் கட்டத்தில் எழுதவும் பல நாடுகளில் தடையில்லை. சில தமிழ்க் குடும்பங்கள் இன்று அந்த வழியையும் தேர்ந்தெடுக்கின்றன.

அடுத்து, பெயர் உறைவதா நகர்வதா என்று பெற்றோர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். உறைந்தால் உடன்பிறந்தார், பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பெயர் கிடைக்கும், வெளிநாட்டு அலுவலகங்களில் வேலை எளிதாகும். அதற்கு விலை, ஆனந்த குமாரசுவாமியின் பெயரில் முத்து விடுபட்டதுபோல இடைத்தலைமுறை மறைவது. நகர்ந்தால் ஒவ்வொரு தந்தையும் தன் பிள்ளையின் பெயரில் இருப்பார். ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை விளக்கம் சொல்ல வேண்டிவரும். இரண்டுக்கும் தமிழர் வரலாற்றில் முன்னுதாரணம் உண்டு.

உறைந்த குடும்பப்பெயர் தமிழருக்கு அண்மையில் வந்த ஒரு வசதி. சாதியைச் சொல்லாத, தந்தையை நினைவூட்டுகிற, மகனையோ மகளையோ அவரவர் பெயரால் நிற்கவைக்கிற ஓர் ஒழுங்கை நாம் அதற்கு முன்பே கொண்டிருந்தோம். அந்த ஒழுங்கை அறிந்த பெற்றோர், படிவத்தின் இரண்டு கட்டங்களையும் தம் விருப்பப்படி நிரப்ப முடியும். குழந்தையின் பெயர் எந்தக் கட்டத்தில் நின்றாலும், உலகம் அந்தக் குழந்தையை அதன் சொந்தப் பெயரால் அழைக்கும்படி தேர்ந்தெடுப்பதே அவர்கள் கையில் உள்ள பொறுப்பு.