பனிக்கட்டியின் வித்து

நீரைப் பூச்சியப் பாகைக்குக் குளிர்வித்தால் அது பனிக்கட்டியாகும் என்று பாடசாலையில் நாம் யாவரும் கற்றிருக்கிறோம். அக்கூற்றைப் பிழையென்று தள்ளிவிட முடியாது. ஆயினும் அதில் பாதி உண்மையே உண்டு. பூச்சியப் பாகை செல்சியஸ் என்பது பனிக்கட்டி உருகும் வெப்பநிலை. நீர் அந்த இடத்திலேயே உறையத் தொடங்க வேண்டும் என்ற நியதி ஏதும் இல்லை. நமது நாட்டின் மேலே இடியுடன் திரளும் முகில்களில், ஏறக்குறைய 5 கிலோமீற்றர் உயரத்துக்கு அப்பால், பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையிலும் சிறு துளிகள் நீராகவே மிதந்துகொண்டிருக்கும். இந்நிலையை மீக்குளிர்வு என்பர். உறைவதற்குக் குளிர் மட்டும் போதாதாயின், வேறு யாது வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண மனிதருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேற் சென்றன.

வெப்பமானியினால் நாம் பெயரறிந்த பரன்ஹைட் என்பார் 1721ஆம் ஆண்டில் ஒரு கண்ணாடிக் குமிழில் மழைநீரை நிரப்பி, அதனை மூடிக் குளிரில் வைத்தார். அன்றைய குளிர் அவருடைய அளவையில் 15 பாகை. செல்சியஸ் அளவையிற் சொன்னால், பூச்சியத்துக்குக் கீழ் 9 பாகைக்கும் அதிகமான குளிர். ஓர் இரவு கழிந்த பின்னரும் குமிழில் இருந்தது நீரே. குமிழின் நுனியை உடைத்ததும் நீர் முழுவதும் பனித்தகடுகள் விரைந்து பரந்தன. அப்பொழுது நீரின் வெப்பநிலை மேலும் குறைய வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். அதுவோ 32 பாகைக்கு, அஃதாவது உருகுநிலைக்கு, உயர்ந்து நின்றது. உறைந்த பகுதி வெளிவிட்ட வெப்பமே அதற்குக் காரணம். காற்றில்லாமையே நீரை உறையவிடாது தடுத்தது என்று பரன்ஹைட் முதலிற் கருதினார். அவர் கண்டது மெய். கருதிய காரணமோ நிலைக்கவில்லை.

உண்மைக் காரணத்தை இன்று இவ்வாறு விளக்கலாம். நீரின் மூலக்கூறுகள் ஓயாது அலைவன. அவற்றுட் சில தற்செயலாகப் பனிக்கட்டியின் ஒழுங்கில் அணிவகுத்து, மறுகணமே கலைந்துவிடுகின்றன. சிறு கூட்டத்தில் உள்ளே இருப்பவை குறைவு. மேற்பரப்பில் இருப்பவையே மிகுதி. மேற்பரப்பை உண்டாக்கச் சக்தி செலவாகும். ஆகையால் சிறு கூட்டம் வளர்வதிலும் கலைவதே எளிது. குறித்த ஓர் அளவைத் தாண்டிய கூட்டமே நிலைத்து வளரும். அதனையே கரு என்பர். குளிர் மிகுந்தால் வேண்டப்படும் கருவின் அளவு சிறிதாகும். இக்கொள்கைக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பேரறிஞர் கிப்ஸ் அடிகோலினார். 1926இல் வோல்மர், வெபர் என்னும் இருவர் அதனை வளர்த்தனர். தூய நீரின் நுண்துளி பிற துணையின்றித் தானே உறைய வேண்டுமாயின், பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 38 பாகை வரை குளிர வேண்டும்.

அவ்வாறாயின் நமது பனிக்கட்டிப் பெட்டியில் நீர் எளிதில் உறைவது எங்ஙனம்? பாத்திரத்தின் சுவரும், நீரில் மிதக்கும் தூசும் மூலக்கூறுகள் அணிவகுக்க இடங்கொடுக்கின்றன. ஒரு குடம் நீரில் தக்க துகள் ஒன்றேனும் இருக்கும். அஃதொன்றே குடம் முழுவதையும் உறையச் செய்யப் போதும். அதே நீரைக் கோடிக்கணக்கான துளிகளாகப் பிரித்தால், துகள் அகப்பட்ட துளிகள் சிலவே உறையும். மற்றையவை நீராகவே நிற்கும். முகிலின் நிலை இதுவே. நீரில் உப்பையோ பிற பொருளையோ கரைத்தால் உருகுநிலை தாழ்வதுடன், தானே கருவுண்டாகும் வெப்பநிலையும் தாழ்கிறது. கரைந்த பொருள் எதுவாயினும் இத்தாழ்வைக் கரைசலின் நீர்த்தொழிற்பாடு என்ற ஓர் அளவே நிர்ணயிக்கிறது என 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

இதற்கும் மழைக்கும் உள்ள தொடர்பை முதலில் தெளிவுறக் கண்டவருள் ஒருவர் சுவீடன் நாட்டு வானிலை அறிஞர் பெர்கரோன். 1922இல் ஒஸ்லோ நகரின் அருகே, மலைக்காட்டுப் பாதையில் மூடுபனி படர்வதை அவர் கவனித்தார். உறைநிலைக்கு மேலான நாட்களில் மூடுபனி நிலம் வரை இறங்கியது. கடுங்குளிர் நாட்களிலோ பாதை தெளிவாக இருந்தது. மரங்களிற் படிந்த பனிக்கட்டி, மீக்குளிர்ந்த துளிகளிலிருந்து எழும் நீராவியைத் தன்பால் இழுத்துவிடுகின்றது என அவர் உணர்ந்தார். பனிக்கட்டியின் மேல் நீராவியமுக்கம் குறைவு என்பதை ஜேர்மனிய அறிஞர் வெகனர் 1911இலேயே சுட்டியிருந்தார். முகிலில் ஒரு பனிப்பளிங்கு தோன்றினால், சூழ உள்ள துளிகள் மெலிய அது பருத்து விழும். கீழே வெப்பமான காற்றில் உருகி மழையாகும்.

1946ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுகூடத்தில் வின்சென்ற் ஷேபர் என்பார் ஒரு குளிர்பெட்டியினுள் கருவெல்வெற்றை விரித்து, தமது மூச்சையே ஊதி முகில் உண்டாக்கிப் பார்த்தார். இவர் உயர்பாடசாலைக் கல்வியை முடிக்காமலே இயந்திரத் தொழில் பழகியவர். எவ்வகைத் தூசைத் தூவினும் மூச்சு முகில் உறையவில்லை. வெப்பம் மிகுந்த ஒரு நாளில், பெட்டியை விரைவிற் குளிர்விக்கக் கருதி, உலர்பனி எனப்படும் திண்மக் காபனீரொட்சைட்டை உள்ளே இட்டார். அக்கணமே பெட்டி முழுவதும் நுண்பளிங்குகள் மின்னின. நவம்பர் 13ஆம் திகதி விமானத்தில் ஏறி, மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஒரு முகிலில் உலர்பனியைத் தூவினார். முகிலின் அடியிலிருந்து வெண்பனி இறங்கியது. நிலத்தை அடையுமுன் ஆவியாயிற்று. மறுநாளே அவருடைய சகா பெர்னாட் வொனிகற், பளிங்கமைப்பில் பனிக்கட்டியை ஒத்த பொருளை அட்டவணைகளிலே தேடி, வெள்ளி அயடைட்டின் புகை கருவாகும் என நிறுவினார்.

இவ்வெற்றி விபரீதமான நம்பிக்கைக்கும் வழிவகுத்தது. 1947 ஒக்டோபர் 13ஆம் திகதி, அத்திலாந்திக் கடலில் நின்ற ஒரு சூறாவளியில் உலர்பனி தூவப்பட்டது. கரையை விட்டகன்ற சூறாவளி திரும்பி வந்து ஜோர்ஜியா மாநிலத்தைத் தாக்கிற்று. மக்கள் சினங்கொண்டனர். ஷேபரின் தலைவரும் நோபல் பரிசு பெற்றவருமான லாங்மியூர், இது தம்மால் விளைந்ததே என நம்பினார். தூவுவதற்கு முன்னரே சூறாவளி திரும்பத் தொடங்கிவிட்டது என்பது பின்னர் புலப்பட்டது. ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தமையால் மட்டும் முன்னது காரணமும் பின்னது காரியமும் ஆகா. தூவாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை இயற்கை நமக்கு இருமுறை காட்டுவதில்லை. 2017இல் ஐடகோ மாநிலத்தின் மலைகளின் மேல், விமானம் தூவிய கோடு கோடாகவே பனி உருவாவதை ராடர் காட்டியபோதுதான், கரு தோன்றியது முதல் பனி நிலத்தில் வீழ்ந்தது வரையிலான தொடர் ஐயமின்றிக் காணப்பட்டது. அதுவும் தக்க மீக்குளிர்ந்த முகில் உள்ள இடத்திலேயே இயலும். இல்லாத முகிலை எவரும் படைக்க முடியாது.

மனிதர் ஆய்வுகூடத்தில் தேடியதை இயற்கை முன்னரே செய்து வைத்திருந்தது. தாவர இலைகளில் வாழும் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பற்றீரியாவின் புரதம், பூச்சியத்துக்குக் கீழ் 2 பாகை அளவிலேயே நீரை உறையச் செய்ய வல்லது என்பது 1970களில் அறியப்பட்டது. அஃது இல்லாவிடின் மென்மையான இலைகள் மேலும் சில பாகைக் குளிரைத் தாங்கும். பாலைவனத் தூசியிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிப்பொருளும் சிறந்த கருவென 2013இல் காட்டப்பட்டது.

நேயர்களே, குமிழில் உறையாது நின்ற நீரைக் கண்டவர் ஒருவர். காட்டுப்பாதையில் மூடுபனியைக் கண்டவர் மற்றொருவர். பெட்டியில் மின்னிய பளிங்குகளைக் கண்டவர் வேறொருவர். மூவரும் எதிர்பாராததைக் கண்டபொழுது அதனை அலட்சியம் செய்யவில்லை. கண்டதற்கு மேலாக உரிமை கொண்டாடிய இடத்திலேதான் அறிஞரும் சறுக்கினர். அடுத்த முறை ஆலங்கட்டி மழை பொழியும்போது, அக்கட்டி ஒவ்வொன்றும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு கருவிலிருந்து தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போமாக.