பெயர் சொல்லாத பாட்டி

என் பாட்டனார் இரண்டாம் உலகப்போரின்போது, 1944இல், பர்மா முனையில் மாண்டார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். பாலமிடுதல், பாதை திருத்துதல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியவை அப்படையின் பணிகள். வட ஆற்காட்டு ஊர்களிலிருந்து அதில் சேர்ந்தோர் பலர். அவருடைய ஓய்வூதியப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. எஞ்சிய தகரப்பெட்டியில் அரிசி கொட்டி வைத்திருந்தோம்.

1999இல் காலமான பாட்டி, கணவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அவள் தலைமுறையின் வழக்கம் அது. வற்புறுத்தினால், "முருகன் கையில இருக்குமே, அது" என்பாள். ஊராருக்கு அவர் வேலு. படைப் பதிவில் வேலாயுதமா, வடிவேலுவா?

யாங்கோனுக்கு வடக்கே தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத் தூண்களில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அஞ்சலி வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, பஞ்சாபி ஆகிய ஐந்து மொழிகளில் உண்டு, தமிழில் இல்லை. இது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில், வேலு என்னும் ஒலி வரும் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தேன். சில பதிவுகளில் மட்டுமே பெற்றோர், மனைவி, ஊர் ஆகிய விவரங்கள் இருக்கும். மூன்றாம் நாள் இரவு, ஒரு வடிவேலுவின் பெயருக்குக் கீழே எங்கள் ஊர் தென்பட்டது. இன்னாரின் கணவர் என்ற இடத்தில், ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிதைந்து, பாட்டியின் பெயர்.

எண்பதைக் கடந்த தந்தையாரிடம் சொன்னேன். "வடிவேலு" என்று இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார், இத்தனை காலமும் தம் பெயருக்கு முன் 'வே' என்று எழுதி வந்தவர்.