பரத்பூர் வாத்து வேட்டை

ராஜஸ்தானின் கிழக்கு ஓரத்தில், ஆக்ராவிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. மேற்கே உள்ள கேவலாதேவ் ஏரியில் பரத்பூர் அரச குடும்பம் நடத்திவந்த நீர்ப்பறவை வேட்டை. 1902இல் தொடங்கி, 1964 வரை பெரிய அளவில் நடந்தது. ஏரிக்கரையில் உள்ள சிவன் கோயிலே ஏரிக்குப் பெயர் தந்தது.

இது இயற்கையாக நிறைந்த ஏரி அன்று. கம்பீர், பாண்கங்கா ஆறுகளின் வெள்ளம் தேங்கும் பள்ளம் இங்கே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ்மல் அஜான் அணையைக் கட்டியபின் அந்தப் பள்ளத்துக்கு நீர் வரத்து உறுதியானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கால்வாய்கள் வெட்டி, மதகுகள் வைத்து, உட்கரைகளால் பள்ளத்தைப் பல பாத்திகளாகப் பிரித்தார்கள். வாத்துகள் வந்து இறங்க வேண்டும் என்பதற்காகவே செய்த வேலை இது.

வேட்டைக்கான காத்திருப்பு ஆடி, ஆவணி மழையிலேயே தொடங்கிவிடும். அணையில் சேர்ந்த நீரை மதகு வழியே விட்டு ஏரியை நிரப்புவார்கள். நீர் ஆழமில்லாமல் பரவி நின்றால்தான் கோரையும் நீர்ப்பூண்டும் வளரும். அவற்றை மேயத்தான் வாத்துகள் இறங்கும். ஐப்பசியில் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஊசிவால் வாத்து, கிளுவை, நாமத்தலை வாத்து, ஆண்டி வாத்து ஆகியவை கூட்டம் கூட்டமாக வந்து சேரும். வரித்தலை வாத்துகள் இமயத்தைத் தாண்டி வரும். மழை பொய்த்த ஆண்டில் அரசரின் அழைப்புக்கும் பொருளில்லை.

விருந்தினர்கள் கரைகளில் தமக்கெனக் குறித்த இடங்களில் துப்பாக்கியோடு நிற்பார்கள். முதல் வெடிச் சத்தத்தில் ஏரி முழுவதும் எழும்பும். பறவைகள் ஒரு பாத்தியை விட்டு அடுத்ததற்குப் பறக்க, அங்கேயும் துப்பாக்கிகள் காத்திருக்கும். வைஸ்ராய் கர்சன் காலத்தில் தொடங்கிய இந்த உபசாரம், சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையிலான உறவின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது. யார் வந்தார்கள், எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள் என்பதைக் கோயிலருகே கல்லில் பொறித்து வைத்தார்கள். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ கலந்துகொண்ட வேட்டையில் 4,273 பறவைகள் ஒரே நாளில் வீழ்ந்தன. அந்தக் கற்களை இன்றும் காணலாம். பெருமைக்காக வெட்டிய எழுத்து, இன்று படிப்பவரின் நெஞ்சைப் பதறவைக்கிறது.

விடுதலைக்குப் பின், ஏரியை வடித்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. பறவையியலாளர் சாலிம் அலி அதை எதிர்த்து நேருவரை முறையிட்டார். 1956இல் சரணாலயம் என அறிவித்த பிறகும் வேட்டையுரிமை அரச குடும்பத்திடமே இருந்தது. 1972இல்தான் அது முற்றிலும் நீங்கியது. இதற்கிடையே, சுட்டுக் குவித்த அதே கரைகளில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதைகளை அறிந்தார்கள். ராம்சர் பட்டியலில் 1981இலும், உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1985இலும் கேவலாதேவ் இடம்பெற்றது.

தேசியப் பூங்காவாக்கிய 1982ஆம் ஆண்டிலேயே எருமை மேய்ச்சலுக்குத் தடை வந்தது. எதிர்த்த கிராம மக்கள்மீது போலீஸ் சுட்டதில் சிலர் உயிரிழந்தனர். அந்த உயிர்ப்பலி நேர்ந்திருக்கவே கூடாது. தடையும் நினைத்த பலனைத் தரவில்லை: எருமைகள் இல்லாத ஏரியில் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது என்று அந்தக் கழகத்தின் பத்தாண்டு ஆய்வே கண்டறிந்தது. இங்கே குளிர்காலத்தைக் கழித்துவந்த சைபீரியக் கொக்குகளைக் கடைசியாகப் பார்த்தது 2002இல்.

இன்றைய பெருஞ்சிக்கல் நீர். கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்தபின் ஏரிக்கு வரத்து குறைந்தது. அந்த நீர் தங்கள் பயிருக்கு வேண்டும் என்று அங்குள்ள உழவர்கள் கேட்கிறார்கள். ஏரியை நிரப்ப கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவருகிறார்கள். வேட்டைக்குப் போட்ட கரைகளின் மேல் இப்போது ரிக்‌ஷாக்கள் ஓடுகின்றன; ரிக்‌ஷா ஓட்டுநர்களே பறவைகளை இனங்கண்டு பயணிகளுக்குக் காட்டுகிறார்கள்.